ஆறிப்போன சேதி

"டீ போடட்டுமா?" என்று கேட்டால், நான் போட்டுக் குடித்துக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்த பிறகு, "எனக்குப் பாதி போதும் சித்தி" என்பாள். என் அக்கா மகளுக்குக் காதுக்கும் வாய்க்கும் நடுவே நாலு ஊர் தூரம்.

வேலையும் அதற்கேற்றபடி வாய்த்திருக்கிறது. கம்பியில்லாத் தொடர்பு ஆய்வுக்கூடத்தில் பொறியாளர். அங்கே மேசைக்கு ஒன்றாக, அலை அனுப்பும் இரண்டு பெட்டிகள், ஆளுக்கு நாலு ஆன்டெனா. இரண்டும் ஒரே நேரத்தில் தத்தம் கருவியோடு பேசும். ஒன்றின் பேச்சு மற்றதன் காதிலும் விழுந்து குழப்பும். காற்றில் வழி எப்படியிருக்கிறது என்று கருவி பெட்டிக்குச் சேதி அனுப்பும். அது வந்து சேர்வதற்குள் வழி மாறிவிடும். ஆறிப்போன சேதி என்று மற்றவர்கள் எறிவதை இவள் பொறுக்குகிறாள்.

"இப்ப எப்படின்னு தெரியாட்டிப் போகுது சித்தி. அப்ப யார் காதுல எது மாறி விழுந்துச்சுன்னு தெரியுதுல்ல? இவன் காதுல தப்பா விழுந்தது அவனுக்கு வேண்டியது. ரெண்டையும் சேர்த்து ஒரே தடவை சொன்னா, ஆளாளுக்குத் தெரிஞ்சதக் கழிச்சுட்டு மிச்சத்த எடுத்துப்பாங்க."

மரத்தடுப்புக்கு அப்பால் எதிர்மேசைக்காரி, வேறொரு முறையோடு. வெள்ளிக்கிழமை கைபேசிக் கோபுரத்தில் ஏற்றிச் சோதிக்கப்போவது இருவரில் ஒருவர் முறையைத்தான். திங்கட்கிழமை ஆய்வுக்கூடத் தலைவர் இவளிடம் ஏதோ தொடங்கிவிட்டு, அங்கே போய், "உன்னோடதுதான் ஏறுது" என்றாராம். அன்று பிடித்தது வயிற்றெரிச்சல்.

"அவ நாற்காலிகூடக் கிறீச்சுங்காது சித்தி. அவ செடி வாடவே வாடாது." நான் அங்கே போனபோது இவள் விட்ட பெருமூச்சில், தடுப்புக்கு அப்பால் அந்தப் பூந்தொட்டி இரண்டு அங்குலம் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன், நம்பாதவர்கள் தொட்டியையே கேட்டுக்கொள்ளலாம்.

போதாக்குறைக்கு, தலைவர் திரும்பும்போது இவள் மேசையருகே, "மூணாவது ஆன்டெனாவத் திருப்பி வை" என்று சொல்லிப் போனார். திருப்பினாள், பெட்டி அனுப்பும் தகவலின் அளவு பாதியாகச் சரிந்தது.

புதனன்று, மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிற வழியில் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு மேல் எதிர்மேசைக்காரியின் தலை எழுந்தது, இவளைப் பார்த்து.

"அக்கா, தலைவர் என்கிட்ட 'உன்னோடதுதான் ஏறுது'ன்னாரே, அதுக்கு முன்னாடி உங்ககிட்ட என்ன சொன்னார்? வீடு முழுக்கப் பீத்திட்டேன். எது ஏறுது, எங்க ஏறுதுன்னே தெரியல."

"'ஆறிப்போன சேதிய வச்சுப் பண்றியே, நல்லாருக்கு, கோபுரத்துல...' அவ்வளவுதான் கேட்டுச்சு" என்றாள் இவள்.

"திரும்பும்போது எனக்கு ஆரம்பிச்சார், 'உன் பெட்டியில'ன்னு. முடிக்காம உங்க பக்கம் வந்துட்டார்."

அந்த மனிதர் காகிதத்தைப் பார்த்தபடி நடந்துகொண்டே பேசுபவர். ஒரு மேசையில் தொடங்கிய வாக்கியம் அடுத்த மேசையில்தான் முடியும்.

"அப்ப, ஏறுறது உங்களோடதா" என்றாள் எதிர்மேசைக்காரி. உட்கார்ந்தபோது அவள் நாற்காலி கிறீச்சிட்டது.

இவள் தன் மூன்றாவது ஆன்டெனாவை மட்டும் பழையபடி வைத்தாள். வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. எதிர்மேசைக்காரியின் பெட்டி சரியானால் தலைவர் மனம் மாறவும் கூடும். நான் டீயைக் குடித்து முடித்தேன். அப்போதுதான் இவள் எழுந்து, தடுப்பைச் சுற்றிப் போய், தலைவர் சொன்னபடி எதிர்மேசைப் பெட்டியின் மூன்றாவது ஆன்டெனாவைத் திருப்பிவிட்டாள். கையோடு, பூந்தொட்டியையும் பூ தன் பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.