டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி தள்ளிய மச்சினன்

என் மச்சினன் என் பைக்கை இரவல் வாங்கினால், பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் தீர்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். போன வாரம் அந்தியூர் ரோட்டில் வண்டி நின்றுபோய், வெயிலில் பங்க் வரை தள்ளினேன். கேட்டதற்கு, "உங்க வயசுக்கு நல்ல எக்சைசுங்க மாமா" என்று சிரித்தார்.

இன்று காலை மறுபடியும் வந்து சாவி கேட்டார்.

டேங்க் நிறைய பெட்ரோல் அடித்து வைத்திருந்தேன். அதன் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மட்டும் மூடிவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.

கார்புரேட்டரில் மிச்சமிருந்தது தீரும்வரை வண்டி ஓடியிருக்கிறது. சத்தி பஸ் ஸ்டாண்டைத் தாண்டியதும் போன் வந்தது.

"மாமா, டேங்க் ரொம்பி இருக்குதுங்க. ஆனா வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குதுங்க!"

"அப்படீங்களா மாப்ள? மெதுவாத் தள்ளீட்டு வாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்."

சட்டை நனைய வந்து சேர்ந்தார். நான் குனிந்து டேப்பைத் திறந்துவிட்டு உதைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்!

"ஊருக்குள்ள யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க மாமா."

சத்தியமாக நான் வாய் திறக்கவில்லை. முதியோர் வகுப்பில் பழகிய எழுத்தைப் போனில் ஒவ்வொன்றாகத் தேடி, மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதித்தான் இங்கே போட்டிருக்கிறேன்.

அவரைத் தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் ஒரு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுப் போங்கள்.