எட்ட நின்றவன்

கல்கத்தாவில் யாரிடம் வழி கேட்டாலும் கையைத் தூக்கி "ஓய் ஜே", அதாவது "அதோ", என்கிறார்கள். அது பத்தடி தூரமாகவும் இருக்கலாம், அரை மைலாகவும் இருக்கலாம். வந்த புதிதில் நான் இதை எண்ணிச் சிரித்திருக்கிறேன். சுட்டுச் சொல்லைச் சரியாகக் கேட்கத் தெரியாத நான் ஒருவன் பிழைப்பைக் கெடுத்த பிறகு சிரிப்பதில்லை.

ஹூக்ளிக் கரையில் சணல் சாக்கு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை எனக்கு. சாக்குகள் தென்னமெரிக்காவுக்குப் போகும். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஸ்பானிய இலக்கண நூலில் பாதியைப் படித்துவிட்டு, அந்தப் பாஷை தெரியும் என்று துரையிடம் சொல்லிவைத்திருந்தேன். திருநெல்வேலியில் இருந்த மனைவிக்கும் அப்படியே எழுதினேன்.

ஒரு நாள் காலை ஸ்பானியக் கப்பல் தலைவர் ஒருவரின் பித்தளைத் தூரநோக்கி காணாமல் போயிற்று. துரை என்னைத் துறைக்கு அழைத்துப் போனார். அவர் பெட்டிகளைத் தூக்கியவன் யார் என்று ஸ்பானியத்தில் தட்டுத்தடுமாறிக் கேட்டேன். தலைவர் கையை நீட்டி "அக்கெல்" என்றார். ஆற்றில் நீர் வற்றத் தொடங்குமுன் கப்பல் புறப்பட வேண்டியிருந்ததால் உடனே படகில் இறங்கிவிட்டார். அவர் விரல் நீண்ட திசையில் என்னருகே ஹரிபதன் என்ற கூலி நின்றான். அதே நேர்கோட்டில், வெகு தூரம் தள்ளி, பாரந்தூக்கியடியில் இன்னொருவன். 'அவன்' என்கிறார் என்று மட்டும் புரிந்துகொண்டு நான் ஹரிபதனைக் காட்டினேன்.

"பாபு, ஆமி நா! நானில்லை, நான் பெட்டியைத் தொடவேயில்லை" என்று வங்காளத்தில் கதறினான். அத்தனை கூலிகளும் பார்க்க, வாசல் காவலனான தர்வான் அவனைப் பிடரியில் கைவைத்து வெளியே தள்ளினான்.

அன்று மாலை மெஸ்ஸில் என் பாஷைத் திறமையைப் பற்றிப் பெருமையடித்தேன். எங்களோடு தங்கியிருந்த கந்தசாமி யாழ்ப்பாணத்துப் பள்ளி ஆசிரியர், பட்டப் பரீட்சைக்கு வந்தவர். அவர் "உது", "உவன்" என்று பேசும்போதெல்லாம் கேலி செய்தவர்களில் நானே முதல் ஆள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"உங்களுக்குப் பக்கத்தில நிண்டவன் எண்டால் நாங்கள் 'உவன்' எண்டு சொல்லுவம், ஐயா. எட்ட நிக்கிறவன்தான் 'அவன்'. அந்தப் பாஷையிலயும் அப்பிடி மூண்டு இருக்குமோ?"

"இங்கிலீஷ்ல அந்த ரெண்டும் ஒண்ணுதான்வே" என்றேன். ஆனாலும் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான் படிக்காமல் விட்ட பக்கத்தில் இருந்தது: என் அருகிலுள்ளது எஸ்தே, உன் அருகிலுள்ளது எஸே, இருவருக்கும் எட்ட உள்ளது அக்கெல். தலைவர் காட்டியது பாரந்தூக்கியடியில் நின்றவனை.

மறுநாளே சொல்லியிருக்கலாம். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. பாஷை தெரியாதவன் என்று ஆகிவிடுமே என்ற பயம். நாலாம் நாள் துரையின் அறைக்குள் போய்ச் சொன்னேன். "கப்பல் போய்விட்டது, வேறு ஆளும் வைத்தாயிற்று. வேலையைப் பார்" என்றார். பாரந்தூக்கியடியில் நின்றவன் அதற்குள் எங்கோ போய்விட்டிருந்தான்.

ஹரிபதனைத் தேடிப் பிடித்தேன். கிதிர்பூரில் வைக்கோல் படகில் சுமை இறக்கிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன்.

"துரையிடம் எங்கே வைத்துச் சொன்னீர்கள், பாபு?"

"அவர் அறையில்."

"என்னைத் திருடன் என்றது ஷபார் ஷாம்னே. எல்லார் முன்னாலும்." சுமையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் காலை ஆட்கள் கூடும் நேரத்தில் துறையில் நின்று, என் ஓட்டை வங்காளத்தில், தவறு என்னுடையது, ஹரிபதன் திருடன் அல்ல என்று சொன்னேன். சிலர் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். பெரும்பாலோர் சிரிக்கவில்லை. ஹரிபதனுக்குச் செய்தி போயிற்று. ஆனால் அவன் திரும்பி வரவில்லை.

சென்ற வாரம் மனைவியின் கடிதம் வந்தது. நான் துரைமார்களுக்கே பாஷை பெயர்த்துச் சொல்கிறேன் என்று தெருவெல்லாம் பேச்சாம், தன் தகப்பனார் கோயிலில் அர்ச்சனை செய்தாராம். அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு துறைக்கு நடந்தேன். சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கூலிகள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தி, எழுந்து எட்ட விலகி, நான் கடந்து போகட்டும் என்று வெகு அகலமாக வழிவிட்டார்கள்.