பல்கேரியா பாட்டும் எட்டு மா வயலும்

ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொன்னவர்கள் ஜெயித்து ஆட்சிக்கு வந்ததற்கு அடுத்த அறுவடை அது. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டு, எங்கள் தெருவே அரிவாளைக் கீழே வைத்திருந்தது.

இன்று மத்தியானம் கும்பகோணம் பஸ்ஸில் எங்கள் ஊர் மிராசுதாரின் பேரன், பக்கத்து சீட்டுக்காரரிடம் ஒரு பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பல்கேரியாவுலேருந்து வந்த பாட்டுக்காரங்க. தாத்தாதான் தஞ்சாவூர்லேருந்து அழைச்சிட்டு வந்து நம்ம ஜனங்களுக்குக் கேக்க வச்சாரு."

"எதுக்குக் கேக்க வச்சாருன்னும் சொல்லுங்க தம்பி" என்றேன்.

"பெரியவரே, அது கலை. உங்களுக்குப் புரியாது."

எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். ஆட்டுத்தோல் பையை அக்குளில் இடுக்கி ஊதினார்கள். பெண்கள் கைகோத்து ஆடினார்கள். பாடியது அவர்கள் நாட்டு அறுப்புப் பாட்டாம். மிராசுதார் வயலை மறித்து வரப்பில் நின்ற நாங்கள் அதைப் பார்க்கக் களத்துக்கு ஓடி வாய் பிளந்து நின்றோம். அந்த நேரத்தில் லாரியில் வந்த வெளியூர் ஆட்கள் எட்டு மா வயலையும், ஏறக்குறைய மூன்று ஏக்கரையும், அறுத்துக் கட்டிவிட்டார்கள். திரும்பிப் போனால் அறுத்த வெறும் தாள்தான். கேட்ட அரைப்படியும் அதோடு போயிற்று.

"ஆதாரம் இருக்கா?" என்றார் பேரன். பஸ்ஸே சிரித்தது.

இருக்கிறது. பாட்டுக் கேட்க வராமல் ஒற்றை ஆளாக லாரியை மறித்து அடி வாங்கியவள் வடக்குத் தெருவில் இருக்கிறாள். தம்பி போய்க் கேட்கட்டும், துணைக்கு வருகிறவர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் சொல்லுங்கள். அன்றைக்கு வயலில் இருந்தவர்களில் என்னை விட்டால் மிச்சம் அவள் ஒருத்திதான்: பாக்கியம்.