துலாவில் ஏறிய அம்மா

அடுத்த வீட்டுப் படலைக் கதவு கிறீச்சிட்டபோது என் கழுத்தில் சூடு பொங்கி ஏறியது. காரணமில்லாமல் அழுகையும் வந்தது. எனக்கு ஐம்பது வயது. அம்மா ஏறிய துலாவும் இப்படித்தான் கிறீச்சிடும்.

சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றில் ஆண்கள்தான் துலா மிதிப்பார்கள். அந்த நீண்ட ஏற்ற மரத்தில் முன்னும் பின்னும் நடந்தால் பனையோலை வாளியான பட்டை தண்ணீரோடு மேலே வரும். மாதவிலக்கு நிற்கிற வயதில், அம்மா ஒரு நாள் அழுதபடியே அதில் ஏறிவிட்டார்.

"அண்ணை, மச்சாளுக்குப் பேய் பிடிச்சிட்டுது! பூசாரியைக் கூப்பிடுங்கோ!" என்று அப்பாவின் தங்கையான மாமி அலறினார்.

"பேயில்லை மச்சாள். உடம்பு எரியுது, நெஞ்சு பதறுது. இஞ்சை மேலை நல்ல காத்து," என்றார் அம்மா, நடையை நிறுத்தாமல்.

அப்பா கீழே நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றினார். அன்றிலிருந்து காலையில் துலா அம்மாவுக்குத்தான். ஊர் சிரித்தது, அம்மா நடந்தார். அந்தப் போகம் எங்கள் புகையிலையைப் போல ஊரில் வேறெதுவும் செழிக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து, ஒரு காலை மாமி கிணற்றடியில் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை, கண்கள் சிவந்திருந்தன.

"மச்சாள், துலா இப்ப சும்மாவோ நிக்குது?"

அம்மா கீழே நின்று பட்டையைப் பிடித்தார்.