நாத்தனார் முடிச்சு

பம்பாய்க்கு வருவதற்கு முன் செண்பகவல்லி மூன்று ஊர்களில் பெண்ணாக வாழ்ந்து பார்த்தாள். திருநெல்வேலியில் ஒன்பது நாள், மதுரையில் ஐந்து மாதம், மெட்ராஸில் ஒன்றே முக்கால் வருஷம். ஊருக்கு ஊர் நாட்கள் கூடிக்கொண்டே போனதால், நாலாவது ஊரில் ஆயுசு முழுக்கத் தாக்குப்பிடித்துவிடலாம் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

மூன்று ஊரிலும் நடந்தது ஒன்றுதான். சேலை கட்டி, முடியைப் பின்னி, முகத்தில் முளைத்ததைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, ஏதாவது ஒரு வீட்டில் சமையலுக்குச் சேருவாள். அவள் வைக்கும் குழம்பில் யாரும் குறை சொன்னதில்லை. பிறகு எங்கிருந்தோ நாங்குநேரிப் பக்கத்து ஆள் ஒருவன் வந்து சேருவான். "ஏ, இது நம்ம பூலோகம்லா?" என்பான். அப்பா வைத்த பெயர் அது. மறுநாள் காலையில் அவளுடைய தகரப் பெட்டி வாசலில் இருக்கும். மெட்ராஸ் மாமி மட்டும் பெட்டியோடு ஒரு பொட்டலம் புளியோதரையும் வைத்திருந்தாள். அன்றைக்கு மாமியே சமைத்தது. எழும்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து அதைத் தின்றபோது செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. உப்பு குறைவு என்றுதான் தோன்றியது.

அண்ணன் அய்யாத்துரை பம்பாய் தாராவியில் ஒரு தோல் பட்டறையில் வேலை பார்த்தான். அவனுக்கு எழுதினாள்: 'அண்ணனுக்கு, நான் இப்போது சேலைதான் கட்டுகிறேன். பெயர் செண்பகவல்லி. உன்னோடு வந்து இருக்கலாமா?' கவருக்குப் பதில் கார்டில் எழுதினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அய்யாத்துரை குடியிருந்த சந்துக்கு வரும் தபால் எல்லாம் முகைதீன் பாய் டீக்கடைக்குத்தான் வரும். மேலப்பாளையத்துக்காரர். சந்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் சாயங்காலம் அவரே வாசித்துக் காட்டுவார். கவர் என்றால் உரியவரைக் கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் வாசிப்பார். கார்டு என்றால் பொதுச்சொத்து. யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மாமனாருக்கு மூலம் என்பதெல்லாம் அப்படித்தான் சந்துக்குத் தெரியும். மெட்ராஸ் கார்டையும் அதே கணீர்க் குரலில் ஆரம்பித்தார். ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தி அவருக்குப் பழக்கமில்லை.

கடையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் டீயைக் குடிக்கவில்லை, அய்யாத்துரையைத் தவிர. அவன் குடித்து முடித்து கிளாஸைக் கீழே வைத்தான்.

"பதில் என்னன்னு எழுதட்டும்?" என்றார் முகைதீன்.

"வரச் சொல்லுங்க பாய். அம்மிக்கல்லத் தூக்கிட்டு வர வேண்டாம்னு எழுதுங்க. இங்க இருக்கு."

அதற்கப்புறம் சந்து பதினோரு நாள் பேசியது. அய்யாத்துரையைக் காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி. இதெல்லாம் பம்பாயில் சகஜம், பைகுலா பக்கம் போய்ப் பாருங்கள் என்று இன்னொரு கட்சி. செண்பகவல்லி தாதரில் வந்து இறங்கியபோது பேச்சு தீர்ந்துபோய், யார் கூரைத் தண்ணீர் யார் வாசலில் விழுகிறது என்ற அடுத்த வழக்குக்கு எல்லோரும் போய்விட்டார்கள். மெட்ராஸில் அத்தனை பாடுபட்டு அவள் மறைத்த விஷயம், இங்கே அவளுக்கு முன்னாலேயே வந்து பழசாகியிருந்தது.

அண்ணன் ஸ்டேஷனில் அவளை மேலும் கீழும் பார்த்தான். "சாப்டியா?" என்று கேட்டான். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். அதற்கு மேல் அவன் அந்த விஷயத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

மறுநாள் காலையில் பைப்படியில் இரண்டு வரிசை நின்றது. ஆம்பளைகள் ஒன்று, பொம்பளைகள் ஒன்று. செண்பகவல்லி குடத்தோடு நடுவில் நின்றாள். முகைதீன் பாயின் சம்சாரம் ஆபிதா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்தினாள்.

"ஏட்டி, அங்க என்ன வேடிக்க பாத்துட்டு நிக்க? ஏழு மணிக்குத் தண்ணி நின்னுரும்."

ஊர்ப்பக்கம் பொம்பளைப் பிள்ளைகளைத்தான் 'ஏட்டி' என்பார்கள். அவளை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. மெட்ராஸில்கூட 'சமையக்காரம்மா'தான். குடம் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதற்கும் ஆபிதா ஏசினாள்.

சந்தில் எல்லோரும் தங்கமானவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கேலி செய்தவர்கள் உண்டு. இரண்டு பேர் ரொம்ப நாள் அவள் கை இட்லியை வாங்கவில்லை. மூன்றாவது மாதம் மழையில் வேறு கடை இல்லாமல் வாங்கினார்கள். செண்பகவல்லி விடியற்காலையில் இட்லி அவித்து, அலுமினியத் தூக்கோடு சயான் ஸ்டேஷன் பக்கம் போய் விற்றுவிட்டு வந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து அரைத்துக் கொடுத்தாள். சண்டைக்கு வந்தவளோடு சண்டை போட்டாள். இப்படி மூன்று வருஷம் போயிற்று.

அறுபத்தாறில் அய்யாத்துரைக்குப் பெண் பார்த்தார்கள். பார்த்தவர் ஊரிலிருந்த தாய்மாமன். பெண் களக்காட்டுப் பக்கம், பெயர் பேராச்சி. பெண்ணின் அப்பா வானமாமலை இரண்டு மனசாக இருந்தாராம். "மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு தம்பி. அக்கா தங்கச்சி கிடையவே கிடையாது. நாத்தனார் தொல்லை இல்லாத வீடு" என்று தாய்மாமன் சொன்ன பிறகுதான் சம்மதித்தாராம். அய்யாத்துரைக்கு லீவு கிடைக்காததால் பெண் வீட்டார் ஆறு பேர் பம்பாய்க்கே புறப்பட்டு வருவதாக ஏற்பாடு. இந்தக் கடிதம் கவரில் வந்தது.

அதை வாசித்துக் காட்டிய அன்றைக்கு அய்யாத்துரை சாப்பிடவில்லை. செண்பகவல்லி தட்டை எடுத்து மூடி வைத்துவிட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்க வந்தா ஒன்ன சமையக்காரின்னு சொல்லிக்கிடுவோம்" என்றான்.

"சரி. தம்பி எங்கன்னு கேட்டா?"

"கல்யாண் ஸ்டேஷன் பக்கம் வேல, லீவு கெடைக்கலன்னு சொல்லிருதேன்."

"கல்யாணம் முடிஞ்ச பொறவு?"

அய்யாத்துரை எழுந்து பாயை விரித்தான். 'கோலி' என்று பம்பாயில் சொல்கிற பத்துக்குப் பத்து ஒற்றை அறை அது. ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, ஒரு சமையல்காரி என்று அதற்குள் எத்தனை நாள் ஓட்ட முடியும்? தெரிந்த அன்றைக்கு அந்தப் பெண் ஊருக்கு ரயில் ஏறிவிடுவாள், அல்லது தகரப் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். இரண்டாவதுதான் நடக்கும் என்று செண்பகவல்லிக்கு அனுபவம் இருந்தது. பாண்டுப்பில் தெரிந்த ஒருத்தியிடம் இடம் சொல்லி வைத்தாள். பாண்டுப்பைத் தனி ஊராக எண்ணுவதா, பம்பாயோடு சேர்ப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பெட்டியில் சேலைகளை அடுக்கும்போது, மூன்று ஊரிலும் வராத அழுகை வந்தது. அண்ணன் மேல் கோபமும் வந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

பெண் வீட்டார் வந்து இரண்டு நாள் முகைதீன் பாய் கடை பரணில் தங்கினார்கள். நூறு பேர் சேர்ந்து வாயை மூடிக்கொண்டது அந்தச் சந்தின் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. வானமாமலைக்கு நாக்கு நீளம். மூன்று வேளையும் சமையல்காரியைப் பாராட்டினார். "ஏம்மா, ஒனக்கு எந்த ஊரு? நம்ம பக்கத்துக் கைப்பக்குவம்லா இருக்கு!" என்றார். செண்பகவல்லி ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

முகூர்த்தம் காலை எட்டு மணிக்குள். பிள்ளையார் கோயில் முன்னால் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அடுப்பு. அங்கே செண்பகவல்லி இரண்டாம் ஈடு இட்லியை எடுத்துக்கொண்டிருந்தாள். சொந்த அண்ணன் கல்யாணத்தை இட்லிக் கொப்பரை ஆவிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்று முடிவு செய்திருந்தாள். நன்றாகத்தான் தெரிந்தது. பேராச்சி குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வயசு.

முதல் முடிச்சை மாப்பிள்ளை போட வேண்டும். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நின்று நாத்தனார் போட வேண்டும். அதுதான் வழக்கம். நாத்தனார் இல்லாத இடத்தில் மாப்பிள்ளையே மூன்றையும் போட்டால் குற்றமில்லை என்று வானமாமலை முன்னாலேயே பூசாரியிடம் பேசி முடித்திருந்தார்.

மேளம் உச்சத்துக்குப் போயிற்று. அரிசியும் பூவும் விழுந்தன. அய்யாத்துரை ஒரு முடிச்சுப் போட்டான். போட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"ம், மாப்ள, போடுங்க" என்றார் வானமாமலை.

அய்யாத்துரை அசையவில்லை. மேளக்காரர்கள் கொஞ்ச நேரம் சமாளித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

"என் கையால ஒண்ணுதான் போடணும்" என்றான் அய்யாத்துரை. "மத்த ரெண்டும் போடுதவ அடுப்படியில நிக்கா." பிறகு பந்தலுக்குப் பின்பக்கம் திரும்பி, பட்டறையில் கூப்பிடுவது போலக் கத்தினான். "ஏட்டி, செம்பகம்! கையக் கழுவிட்டு வா."

செண்பகவல்லி கையைக் கழுவினாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை கழுவியதை மறந்து இன்னொரு தடவையும் கழுவினாள். ஆபிதா வந்து குவளையைப் பிடுங்கி, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துப் பந்தலுக்குள் தள்ளினாள்.

வானமாமலை அவளையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது சமையக்காரில்லா?"

"சமைப்பா. எனக்குத் தங்கச்சி."

"ஒங்களுக்குத் தங்கச்சியே கெடையாதுன்னுல்லா ஒங்க மாமா சொன்னாரு. ஒரு தம்பி மட்டுந்தான்னு!"

"அவருக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்" என்றான் அய்யாத்துரை. "அப்பம் தம்பி. இப்பம் தங்கச்சி."

வானமாமலைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் முகம் கறுத்தது. மகள் கழுத்தைப் பார்த்தார். ஒரு முடிச்சு விழுந்த தாலி. அவிழ்க்கவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. அய்யாத்துரை மூன்று வாரமாக வாயைத் திறக்காமல் இருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் என்பது செண்பகவல்லிக்கு இப்போதுதான் புரிந்தது. கூட வந்த பெரியம்மா ஒருத்தி "அய்யோ, மோசம் போயிட்டமே" என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செண்பகவல்லிக்கு அப்படியே பின்னால் போய்விடலாம் என்று இருந்தது. ஆபிதா பின்னால் நின்றதால் போக வழியில்லை.

அப்போது குனிந்திருந்த தலையிலிருந்து குரல் வந்தது.

"யப்பா, யாராவது போடச் சொல்லுங்க. எனக்குக் கழுத்து வலிக்கி."

பந்தலில் யாரோ சிரித்துவிட்டார்கள். வானமாமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பூசாரி மேளக்காரர்களுக்குக் கையைக் காட்டினார்.

செண்பகவல்லி பேராச்சிக்குப் பின்னால் போய் நின்றாள். அண்ணன் கயிற்றை அவள் கையில் கொடுத்தான். இரண்டாவது முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்க்காமல் அதன் மேலேயே இறுக்கினாள். மூன்றாவதைப் போடக் குனிந்தபோது, மேளச் சத்தத்துக்கு நடுவில் பேராச்சி தலையைத் திருப்பாமல் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நீங்க எங்கயும் போயிராதிய."

"போவல, மதினி" என்றாள் செண்பகவல்லி.