ஐந்தாவது மாடியில் நான்கு நாள்

சென்ற மாதம் ஒரு கல்யாண வரவேற்புக்காகத் திருச்சியில் பெரிய ஓட்டல் ஒன்றுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்ததும் குளிர்காற்றோடு எலுமிச்சைப்புல் வாசனை முகத்தில் வந்து விழுந்தது. கூட வந்தவர்கள் எல்லாம் ஆசையாக மூச்சை இழுத்தார்கள். நான் மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டேன். "என்னாச்சு?" என்றார் கணவர். "ஒண்ணுமில்லைங்க, பசி" என்று சமாளித்தேன். வாசனைக்குப் பயப்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இதோ, நான் இருக்கிறேன்.

அதே ஓட்டல்தான். இப்போது பெயர் வேறு, வாசனை அதேதான். எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது அதன் ஐந்தாவது மாடியில் நான்கு நாள் தங்கினேன். அப்போது துவாக்குடிப் பக்கம் நீராவிக் குழாய் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. குழாய்களை வெல்டிங் வைத்து இணைத்த இடங்களை எக்ஸ்ரே எடுப்பார்கள், நமக்குக் கை முறிந்தால் எடுப்பது போலத்தான். அந்த ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்து, உள்ளே ஓட்டையோ கீறலோ இல்லையென்றால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் என் உத்தியோகம். கையெழுத்துப் போடுகிற வேலை என்று வீட்டில் பெருமை வேறு.

இத்தாலியிலிருந்து ஒரு ஆர்டர் வந்தது. நாற்பது இணைப்புகள். அனுப்புவதற்கு முன் சரிபார்க்க அவர்களுடைய இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். பெயர் புரூனோ. நரைத்த மீசை, மெல்லிய குரல், அதிகம் பேச மாட்டார். எங்கள் மேனேஜர் பாலு சார் என்னைக் கூப்பிட்டார்.

"அவரு காலைல ஆறு மணிக்கே ரிப்போர்ட் பேப்பரெல்லாம் கேப்பாராம்மா. நீ ஸ்ரீரங்கத்துல பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள மனுஷன் இத்தாலிக்கே திரும்பிடுவாரு. நாலு நாள் நீயும் அவரு தங்குற ஓட்டல்லயே தங்கிடு."

அம்மாவுக்கு இது தாங்கவில்லை. "சொந்த ஊர்ல வீட்டை வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு ஓட்டல்ல தங்கினா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அவரிடம் ஒரு நடைமுறை இருக்கும். "கம்பெனி அட்டைய கழுத்துல மாட்டிக்க. கழட்டாத. வேலையா வந்திருக்கான்னு தெரிஞ்சுடும்ல" என்றார். நானும் நாலு நாளும் அதைக் கழற்றவில்லை. காலைச் சாப்பாட்டில் ஒருமுறை அது பொங்கலில் முங்கி எழுந்தது.

முதல் நாள் மத்தியானம் அறைக்குள் போனேன். கும்மிருட்டு. கனத்த திரைகள் இழுத்து மூடியிருந்தன. எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியவில்லை. கீழே போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு பெரிய ஓட்டலில் கரண்ட் போனால் அவர்களே சொல்வார்கள் என்று கட்டில் ஓரத்தில் இருட்டில் உட்கார்ந்திருந்தேன், கால் மணி நேரமாவது இருக்கும். கதவு தட்டும் சத்தம். டவல்களோடு சீருடையில் ஒரு பெண்.

"கார்டை இங்க சொருகணும் மேடம்" என்று என் கையிலிருந்த அறைச் சாவி அட்டையை வாங்கிக் கதவோரப் பொந்தில் செருகினாள். எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் எரிந்தன. அந்த வெளிச்சத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"ஏய், நீயா!" என்றவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, "நீங்களா மேடம்?" என்றாள்.

மும்தாஜ். மலைக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கணக்கில் என்னைவிட அவள்தான் மேல். நான் கணக்குப் போட்டதே அவள் நோட்டைப் பார்த்துத்தான். பிளஸ் டூ முடித்ததும் நான் பாலிடெக்னிக் போனேன், அவளுக்குக் கல்யாணம் ஆனது. "மேடம்னு சொல்லாதடி" என்றேன். "இங்க அப்படித்தான் சொல்லணும். கேமரா இருக்கு" என்று வராந்தாவைக் கண்ணால் காட்டிவிட்டுப் போனாள்.

அந்த அறையில் எனக்கு எதுவுமே ஒட்டவில்லை. முந்திரி டப்பாவைத் தொடப் பயம். வெள்ளை விரிப்பு கசங்கிவிடுமோ என்று நாற்காலியிலேயே சாய்ந்துகொண்டேன். ஆனால் உண்மையான பயம் வேறு. இவ்வளவு நேரம் அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டு வருகிறேன்.

பதினேழாம் இணைப்பின் ஃபிலிம் கழுவும்போதே கெட்டுப்போயிருந்தது. வெளிச்சப் பெட்டியில் வைத்தால் ஒரே மூட்டம், எதுவும் தெரியாது. மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று பாலு சாரிடம் சொன்னேன். "மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு? போட்டுடும்மா. அப்புறம் எடுத்துக்கலாம்." போட்டுவிட்டேன். அந்த அப்புறம் வரவே இல்லை. குழாய் பெட்டிக்குள் போய் ஆணியும் அடித்தாகிவிட்டது.

இரண்டாம் நாள் புரூனோ அமைதியாகச் சொன்னார், வெள்ளிக்கிழமை நாற்பது ஃபிலிம்களில் தனக்குத் தோன்றுகிற பத்தை எடுத்துப் பார்க்கப் போவதாக. அந்த நிமிஷத்திலிருந்து நாற்பதில் பத்து, நாற்பதில் பத்து என்று மண்டைக்குள் ஓட ஆரம்பித்தது. லிஃப்டில் பதினேழு என்று யாராவது சொன்னால் திடுக்கிட்டேன். அவர் மீசையைத் தடவினால்கூடத் தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது. விதவிதமான சாப்பாடு வரிசையாக ஆவி பறக்க இருந்தது. எனக்கு ஒரு இட்லிகூட இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்து, மும்தாஜ் அறையைச் சுத்தம் செய்ய வந்தாள். விரிப்பைப் பார்த்தாள். "கட்டில்ல படுக்கவே இல்லையா நீ? மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி இருக்கு?" அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கை நிற்கவே இல்லை, கசங்காத விரிப்பை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் குழாய்ல என்ன போகும்?"

"நீராவி. பயங்கரச் சூடு, பயங்கர அழுத்தம்."

"பக்கத்துல ஆளுங்க நிப்பாங்களா?"

"நிப்பாங்க."

 அவள் தலையணையை இரண்டு தட்டுத் தட்டி வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பாலு சாருக்குப் போன் போட்டேன். "பைத்தியமா உனக்கு? பத்துல அது வரப்போறதில்ல. வாயத் தொறந்த, உன் வேலை மட்டும் போகாது" என்றார். போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். புரூனோ ஜன்னலோர மேஜையில் பப்பாளித் துண்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் வாக்கியம் பாதியில் அறுந்துவிட்டது. "பதினேழு. நான் பார்க்கவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்" என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். கோபமும் இல்லை, ஆறுதலும் இல்லை. கார் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டார்.

துவாக்குடியில் பெட்டியை உடைத்தார்கள். ஆட்களையெல்லாம் ஷெட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டுப் பதினேழை மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஃபிலிம் கழுவி வரும்வரை நான் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். பாலு சார் என் பக்கம் திரும்பவே இல்லை. வந்த ஃபிலிமை புரூனோ வெளிச்சப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பதினேழில் ஒரு குறையும் இல்லை. அப்பழுக்கில்லாத வெல்டிங்.

அழுகை வந்தது. கொஞ்சம் சிரிப்பும் வந்தது. அதற்குள் அவர், இனி பத்து இல்லை, நாற்பதையும் பார்க்கிறேன் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், அவசரமே இல்லாமல். முப்பத்தொன்றில் நிறுத்தினார். தன்னுடைய பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு, ஓரத்தில், முடி போல ஒரு கறுப்புக் கோடு. கீறல்.

முப்பத்தொன்றை நான் நேர்மையாகப் பார்த்திருந்தேன். யாரும் வற்புறுத்தவில்லை. நானே வெளிச்சத்தில் வைத்து, என் கண்ணால் பார்த்து, நம்பிக்கையோடு கையெழுத்துப் போட்டது. பதினேழுக்காக நான் மூன்று நாள் செத்துப் பிழைத்தபோது, ஒரு நிமிஷம்கூட நான் சந்தேகப்படாத இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. இன்றைக்கும் எதையாவது நிச்சயமாகத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தால் எனக்கு நாக்கு கொஞ்சம் தடுக்கும். வீட்டில் என்னைக் கேலி செய்வார்கள், கேஸ் அடுப்பை மூடியாச்சா என்று மூன்று தடவை பார்ப்பவள் என்று.

முப்பத்தொன்றை வெட்டியெடுத்து மறுபடி வெல்டிங் வைத்தார்கள். சரக்கு தாமதமாகப் போனது, ஆனால் ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை. என் வேலையும் போகவில்லை, ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். பாலு சார் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆறு மாதம் போல்ட்டுகளோடு குடும்பம் நடத்திவிட்டு நானே சென்னைக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை ஓட்டலைக் காலி செய்தபோது மும்தாஜுக்கு விடுமுறை நாள். மேஜைமேல் இருந்த தாளில் "சொல்லிட்டேன். அது நல்லாத்தான் இருந்துச்சு. வேற ஒண்ணு மாட்டுச்சு" என்று எழுதித் தலையணைக்கு அடியில் வைத்தேன். அவள் கையில் கிடைத்ததா, வேறு யாராவது குப்பையில் போட்டார்களா தெரியாது.

அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. ஷெட் இருந்த இடத்தில் சிமென்ட் மூட்டைக் கிடங்கு. பழைய ஃபிலிம்களை, அதிலிருக்கிற துளி வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என் கையெழுத்துகளும் அதோடு போயிருக்கும். புரூனோ இருக்கிறாரா என்று கேட்க எனக்கு யாரையும் தெரியாது.

வரவேற்பு முடிந்து எல்லோரும் காருக்குக் காத்திருந்தபோது, நான் மட்டும் முன்மேஜைக்குப் போய் மும்தாஜைப் பற்றி விசாரித்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகக் கம்ப்யூட்டரைத் திருப்பிக்கொண்டாள்.

"பழைய ஸ்டாஃப் லிஸ்ட்ல அந்தப் பேர்ல நாலு பேர் இருக்காங்க மேடம். இனிஷியல் என்னங்க?"

இரண்டு வருஷம், தினமும் காலையில், அட்டெண்டன்ஸில் என் பெயருக்கு முன்னால் டீச்சர் கூப்பிட்ட பெயர் அது. இனிஷியலோடுதான் கூப்பிடுவார். மேஜையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். கார் வந்துவிட்டதாகக் கணவர் கையசைத்தார். அந்தப் பெண் விசைப்பலகையில் விரலை வைத்தபடி காத்திருந்தாள்.

அந்த எழுத்து நினைவுக்கு வரவில்லை.