நான் பிடுங்கி எறிந்த முள்

வெள்ளாற்றங்கரையில் எனக்கு முக்கால் ஏக்கர் நெல்வயல். கரையை ஒட்டிய தண்ணீரில் கிள்ளை ஊர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் மூங்கில் கழிகளை ஊன்றி, இடையில் கருவேல முள்ளைக் கட்டி வைத்திருந்தார். மீன்குஞ்சுகள் அதில் ஒதுங்கும். என் கரையில் இவருக்கென்ன வேலை என்று கோடையில் அத்தனையையும் பிடுங்கி எறிந்தேன். அவரையும் கரையில் கால் வைக்கக்கூடாது என்று விரட்டினேன்.

ஐப்பசியில் ஆறு பெருகியது. மழை விட்ட ஒரு காலையில் கரையோர வரப்பில் நின்றேன். உள்ளங்காலுக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது. திரும்பினால், எனக்குப் பின்னால் பயிருக்குள் நீளமாக ஒரு வெடிப்பு. பார்க்கப் பார்க்க அது அகலமானது. தாண்டிக் குதிக்கக் காலைத் தூக்கினேன்.

"அண்ணே, அங்க நிக்காதீங்க! அடியில மண்ணே இல்ல!" படகிலிருந்து கத்தியது அவர்தான். "குதிக்காதீங்க, படுத்து நகந்து போங்க!"

சேற்றில் வயிறு தேய வெடிப்பைத் தாண்டி ஊர்ந்தேன். பின்னால் பெரிய சத்தம். நின்ற பயிர் நின்றபடியே ஆற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்ததும் படகு நிறையக் கழியும் முள்ளுமாக வந்தார்.

"முள்ளு இருந்தா தண்ணி வேகம் கொறையும்ணே. இல்லன்னா அரிப்பு ஜாஸ்தியாயிடும்" என்றவர், படகிலேயே நின்று தயங்கினார். "கரையில எறங்கலாமாண்ணே?"

நான் அவரை விரட்டிய அந்தக் கரை, அவர் படகுக்கு அடியில் கிடந்தது.